திருப்பிக் கேட்காத வைத்தியர்

உங்கள் வீட்டில் எத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா, சகோதரி? மாமியார் ஒருவர், அதில் சந்தேகமே இல்லை. எதிர் வீட்டு மாமி இன்னொருவர். மருந்துக் கடைப் பையன் மூன்றாமவன். தலைவலி என்று சொல்லி நீங்கள் வாயை மூடுவதற்குள் மாத்திரை அட்டையைக் கத்தரித்து நீட்டிவிடுவான். ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் இருப்பவளுக்கோ மருந்து தெரியாத வியாதியே கிடையாது. இத்தனை பேரும் போதாதென்று கொஞ்ச வருஷங்களாக இன்னொருவர் நம் வீட்டுக்குள் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டார். தலையணைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் முகம் சுளிப்பதில்லை. டோக்கன் வாங்க வேண்டாம், பீஸும் கிடையாது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற சமாசாரத்தைக்கூட அவரிடம் கேட்டுவிடலாம்.

செல்போனைத்தான் சொல்கிறேன்.

அவரை ஒரேயடியாகத் தூற்றுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. மார்பில் ஒரு சிறு கட்டி தட்டுப்பட்டால் அதைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் மாதக் கணக்கில் மறைத்து வைத்துக்கொள்கிற பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படி ஒருத்தி போனில் நாலு வரி படித்துவிட்டு மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாளானால், அந்தப் போனுக்குச் சூடம் ஏற்றிக் காட்டலாம். அவர் மேல் எனக்குள்ள புகார் வேறு. நாம் கேட்டதற்கு அவர் பதில் சொல்வார். நம்மைத் திருப்பி ஒரு கேள்வி கேட்க மாட்டார்.

மாமியாரை நாம் கேலி செய்கிறோமே, வயிற்று வலி என்றதும் அவர் என்ன செய்கிறார், பாருங்கள். "நேற்று ராத்திரி கல்யாண வீட்டில் என்னத்தைச் சாப்பிட்டாய்? வலி எந்தப் பக்கம்? நாள் தள்ளிப் போயிருக்கிறதா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஓமத்தை எடுக்கப் போகிறார். அந்த ஓமத்தைப் பற்றி உங்களுக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும், கேட்ட கேள்விகள் மூன்றும் டாக்டர் கேட்கிற கேள்விகள். வலப் பக்கத்து அடிவயிற்று வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். நாள் தள்ளிப் போனவளின் வயிற்று வலி, கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியதனால் வந்ததாக இருக்கலாம். இரண்டுமே உயிர் போகிற விஷயங்கள். 'வயிற்று வலிக்கு வீட்டு வைத்தியம்' என்று போனில் தட்டிப் பாருங்கள். பத்து வீடியோ வரும். அந்தக் கேள்விகளை உங்களிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

கேள்வி கேட்காமல் பதில் சொல்வதால் அப்படி என்ன குடி முழுகிப் போய்விடும் என்கிறீர்களா? அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர்கள் 2025-இல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் இதை விவரமாக எழுதியிருக்கிறார்கள்.

அறுபது வயதான ஒரு மனிதர். அதற்கு முன் மனநோய் எதுவும் அவருக்கு வந்ததில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு விஷம் வைக்கிறார்" என்றார். தாகமோ சொல்லி முடியாது. ஆனால் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் அதையும் சந்தேகப்பட்டார். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. இல்லாத குரல்கள் காதில் விழுந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடப் பார்த்தார். மனநோயாளிகளின் பிரிவில் அவரைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. புத்தி தெளிந்த பிறகு, டாக்டர்கள் கேட்கக் கேட்க, விஷயம் வெளியே வந்தது. உப்பு உடம்புக்குக் கெடுதல் என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். காலேஜில் ஊட்டச்சத்தைப் பற்றிப் படித்தவர் வேறு. சொந்தமாகவே ஒரு பரிசோதனை செய்து பார்க்கத் தீர்மானித்துவிட்டார். சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு அல்லவா? அதிலுள்ள குளோரைடுக்குப் பதிலாக வேறு என்ன சேர்க்கலாம் என்று சாட்ஜிபிடி என்ற பேசும் கம்ப்யூட்டரிடம் யோசனை கேட்டிருக்கிறார். பிறகு சோடியம் புரோமைடு என்ற ரசாயனத்தை இண்டர்நெட்டிலேயே வாங்கி, மூன்று மாதம் சமையலில் உப்புக்குப் பதிலாக அதைப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்!

புரோமைடு என்றால் நம் தாத்தா காலத்து மனிதர்களுக்குத் தெரியும். தூக்கம் வரவில்லை, வலிப்பு, நரம்புத் தளர்ச்சி என்று போனால் கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த மிக்ஸ்சர்களில் அது இருந்தது. அது உடம்பில் சேரச் சேரப் புத்தியைப் பேதலிக்கச் செய்யும். ஒரு காலத்தில் மனநோய் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களில் 100-க்கு 8 பேர் வரை இந்தப் புரோமைடினால்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு கணிப்பு உண்டு. மருந்துகளிலிருந்து அதை நீக்கிய பின் அந்த வியாதியே அபூர்வமாகிவிட்டது. அப்படி மறைந்துபோன வியாதியை இந்த மனிதர் சமையலறை வழியாகத் திரும்ப அழைத்து வந்துவிட்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி அனுப்பினார்கள்.

இந்தக் கதையில் என் மனத்தைத் தைத்த இடம் ஒன்று உண்டு. அவர் கம்ப்யூட்டரோடு பேசிய பேச்சு அப்படியே டாக்டர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதே கேள்வியைத் தாங்களும் கேட்டுப் பார்த்தார்கள். பதிலில் புரோமைடு இருந்தது. எந்தக் காரியத்துக்காக என்பதைப் பொறுத்தது என்று ஒப்புக்கு ஒரு வார்த்தையும் இருந்தது. ஆனால், "இதை எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று கம்ப்யூட்டர் கேட்கவில்லை. குளோரைடுக்குப் பதில் புரோமைடு என்பது ரசாயனக் காரியங்களில் சரியான பதில்தானே! கேட்டவர் அதைச் சாம்பாரில் போடப் போகிறாரா, வேறு எதற்காவது உபயோகிக்கப் போகிறாரா என்று விசாரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இப்போது வருகிற இத்தகைய யந்திரங்களில் சில, ஒன்றிரண்டு கேள்வி திருப்பிக் கேட்கவும் பழகியிருக்கின்றன. நல்லதுதான். ஆனாலும் நாடி பார்க்கவோ, கண்ணின் கீழ் இமையை இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கவோ அவற்றால் ஆகாது. நீங்கள் சொல்லாமல் விட்டதை உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் ஆகாது.

"நாங்கள் யாரும் புரோமைடு சாப்பிடப் போவதில்லையே" என்று நீங்கள் சிரிக்கலாம். சரி, உப்பு ஜாடிக்கே வருவோம். நம் சமையலறைகளில் இப்போது இரண்டு தினுசு புது உப்பு நுழைந்திருக்கிறது. ஒன்று இந்துப்பு. அது 'இயற்கை' என்பதால் ரத்தக் கொதிப்புக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், அம்மா. தாராளமாகப் போட்டால் ரத்தக் கொதிப்பும் தாராளமாக ஏறும். போதாக் குறைக்கு, அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே உபயோகித்தால் வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது இன்னொரு நஷ்டம். வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் அவசியம்.

மற்றொன்று சோடியம் குறைந்த உப்பு. இதில் சோடியத்துக்குப் பதில் ஓரளவு பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் இதற்குச் சாதகமாக யோசனை கூறியிருக்கிறது. ஆனால் அதே யோசனையில், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இருதயத் துடிப்பையே குலைத்துவிடும். ரத்தக் கொதிப்புக்கு நம்மில் பலர் விழுங்குகிற டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டக் கூடியவை. ஒரே உப்பு, ஒரே குடும்பம். மகனுக்கு நல்லது, மாமனாருக்கு ஆபத்து. 'இதைச் சாப்பிடுங்கள்' என்று சொன்ன வீடியோக்காரருக்கு உங்கள் மாமனாரைத் தெரியுமா?

தலைமுடி சமாசாரத்தை மட்டும் விட்டுவிட்டேன் என்றால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். முடி கொட்டுகிறது என்று போனில் தேடினால் பயோட்டின் மாத்திரை சாப்பிடச் சொல்லி நூறு பேர் வருகிறார்கள். பயோட்டின் ஒரு வைட்டமின். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். அது சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். முடிக்கென்று விற்கிற மாத்திரையில் 10 மில்லிகிராம் வரை, அதாவது 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. அதிகமானது சிறுநீரில் போய்விடும், கெடுதல் இல்லை என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2017-இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ரத்தத்தில் பயோட்டின் அதிகமாக இருந்தால் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவு தப்பாக வந்துவிடும் என்று. மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ஒரு பரிசோதனையும் அவற்றில் சேர்த்தி. தைராய்டு பரிசோதனையும் அப்படியே.

இப்போது முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு பெண்ணுக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது. அதனால்தான் முடி கொட்டுகிறது, அசதியாக இருக்கிறது, உடம்பு போடுகிறது. அவள் போனைக் கேட்டாள். போன் பயோட்டின் என்றது. இரண்டு மாதம் சாப்பிட்டாள். முடி நிற்கவில்லை. பிறகு யாரோ சொல்லித் தைராய்டு பரிசோதனை செய்துகொண்டாள். உள்ளே இருக்கும் பயோட்டின், பரிசோதனையை ஏமாற்றிவிட்டது. தைராய்டு குறையவே இல்லை, அதிகமாகச் சுரக்கிறது என்று காட்டுகிறது! வியாதிக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்க இருந்த வழியை, வியாதிக்கென்று சாப்பிட்ட மாத்திரையே அடைத்துவிட்டது. டாக்டரிடம் போகும்போது, "முடிக்காக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்ல அவளுக்குத் தோன்றாது. அது மருந்தில்லை, வெறும் வைட்டமின்தானே என்று நினைப்பாள். அவர் கேட்டால்தான் வெளியே வரும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்பது வழக்கம்; அளவைப் பொறுத்து அதுவும் மாறும்.

போகட்டும், சாப்பிடுகிற பொருளால்தான் கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். வெறுமே படிப்பதனாலும் வரும். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2008-இல் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். தலைவலி என்று இண்டர்நெட்டில் தேடினால் என்ன வருகிறது? காப்பி குடித்துப் பழகியவர்கள் அதை நிறுத்தினால் தலைவலி வரும் என்பது உங்களுக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். பால்காரர் வராத நாளில் பத்து மணிக்கு மண்டை பிளக்குமே, அதுதான். மூளைக் கட்டி என்பதோ மிக மிக அபூர்வம். ஆனால் தேடலில் கிடைத்த பக்கங்களில் காப்பித் தலைவலியும் மூளைக் கட்டியும் ஏறக்குறையச் சரிசமமாக வந்து உட்கார்ந்திருந்தனவாம். ஒரு வேளை காப்பி இல்லாதவளுக்கும் மரணப் படுக்கையில் இருப்பவளுக்கும் ஒரே வரிசை! ஒன்றுமில்லாத நோய்க்குறி, தேடத் தேடப் பயங்கர வியாதியாக வளர்வதற்கு 'சைபர்காண்ட்ரியா' என்று ஒரு பெயரையே வழங்குகிறார்கள். பயம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. படபடப்பு என்று மறுபடி தேடினால் இருதய நோய் வருகிறது. விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் தலைவலி நிஜமாகவே வந்துவிடுகிறது.

மனத்தைப் பற்றிய யோசனைகளுக்கு வந்தால் விஷயம் இன்னும் சிக்கல். கையில் புண் வந்தால் நாலு பேருக்குக் காட்டுகிறோம். மனத்தில் வந்தால் மூடி வைத்துக்கொள்கிறோம். பெண்ணுக்கு வரன் தட்டிப் போய்விடும், நாத்தனாருக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் பரவிவிடும் என்று பயம். அதனால் போனிடம் மட்டும் சொல்கிறோம். அது வம்பு பேசாது என்பது வாஸ்தவந்தான். ஆனால் அது சொல்லும் பதில்?

கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு ஆகிய குணங்களைக் கொண்ட ஏ.டி.எச்.டி. என்ற மனநிலையைப் பற்றி டிக்டாக்கில் பிரபலமாயிருந்த 100 வீடியோக்களைக் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள் பரிசீலித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 52 வீடியோக்கள் தவறான அபிப்பிராயத்தை உண்டாக்குபவை. டிக்டாக்கை நம் அரசாங்கம் 2020-லேயே தடை செய்துவிட்டது. ஆனால் அதே மாதிரித் துண்டு வீடியோக்கள் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் தடையில்லாமல் வருகின்றன. சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுகிறதா? ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டு இன்னொன்றுக்குப் போய்விடுகிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு இந்த வியாதி என்று ஓர் அழகான பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு குழந்தைகளுக்கு டிபன் கட்டி, ஆபீஸ் போய் வந்து, ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரம் ஒழித்துப் போடுகிற எந்தப் பெண்ணுக்குத்தான் சாவி ஞாபகம் இருக்கும்? நிஜமாகவே அந்தக் கோளாறு உள்ள பெண்களும் உண்டு. சிறு வயதில் யாரும் கவனிக்காமல் விட்டவர்கள். அவர்களையும் மற்றவர்களையும் பிரித்துச் சொல்ல, "பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இப்படியா, அல்லது இந்த ஆறு மாதமாகத்தானா? ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது.

அதோடு ரத்தத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தம் குறைந்தால் அசதி, எரிச்சல், எதிலும் மனம் செல்லாமை. தைராய்டு குறைந்தாலும் அப்படியே. இவற்றை 'டிப்ரஷன்' என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு, மனத்தைத் திடப்படுத்த வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு வேண்டியது இரும்புச் சத்தாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. உடம்பெல்லாம் வலி, நெஞ்சில் பாரம் என்று கஷாயமும் தைலமும் தேடுகிற அம்மாளுக்கு உண்மையில் இருப்பது மனச் சோர்வு. நம் வீட்டுப் பெரியவர்கள் துக்கத்தைத் துக்கம் என்று சொல்வதில்லை; முழங்கால் வலி என்பார்கள்.

பிள்ளை பெற்றவளின் மனச் சோர்வைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் கவனிக்க வேண்டிய விஷயம். இதைக் கண்டுபிடிக்க 1987-இல் எடின்பரோ பெயரால் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வெளியாயிற்று. தமிழிலும் இருக்கிறது, இண்டர்நெட்டில் யாரும் எடுத்து நிரப்பிப் பார்க்கலாம். நிரப்பினால் மார்க் வரும். மார்க் குறைவாக வந்தால் 'அப்பாடா' என்று போனை வைத்துவிடுவோம். ஆனால் அந்தப் பட்டியலின் பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. மற்ற ஒன்பதிலும் எவ்வளவு குறைந்த மார்க் வாங்கியிருந்தாலும், இந்த ஒன்றுக்கு 'எப்போதாவது' என்று குறித்தவளை அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். காகிதத்தைக் கையில் வாங்குகிற நர்ஸ் முதலில் பத்தாவது பதிலைத்தான் பார்ப்பாள். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒற்றை விரலால் பதில் குறிக்கிறவளுக்கு இதை யார் சொல்வது?

மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களையும் பற்றி ஒரு வார்த்தை. மனச் சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் மந்தமும் மட்டுமே தெரியும். அந்தச் சமயத்தில் போனைத் திறந்தால், 'இது பழகிவிடும், மூளையைக் கெடுத்துவிடும், நிறுத்திவிட்டுத் தியானம் செய்யுங்கள்' என்று யாராவது பேசிக்கொண்டிருப்பார். தியானம் நல்லதுதான். ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரும். நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதி தீர்மானித்தார்கள். படித்தவர்கள், பெண் பள்ளி ஆசிரியை. குழந்தை பிழைத்தது. தாய் ரத்தப் போக்கினால் இறந்து போனாள். பிரசவம் என்பது குழந்தை வெளியே வந்ததும் முடிந்துவிடுகிற காரியமில்லை. நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா, கர்ப்பப்பை இறுகியதா, ரத்தம் அளவோடு நிற்கிறதா என்று பார்க்கிற அடுத்த இரண்டு மணி நேரம்தான் கண்டம். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸும் அந்த நேரத்தில் கட்டிலை விட்டு நகர மாட்டாள். வீடியோவோ தன்பாட்டுக்கு ஓடி முடிந்துவிடும். 2020 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் நடந்ததும் இதே ஜாதிதான். ஊமத்தங்காய் கொரோனாவைத் தடுக்கும் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அதைத் தயார் செய்து சாப்பிட்டுப் பத்துப் பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். ஊமத்தை சாப்பிட்டால் பைத்தியம் பிடிக்கும் என்று நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும்.

இனி நீங்கள் என்னைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. "டாக்டர் மட்டும் திருப்பிக் கேட்கிறாரா? மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், நான் உட்காருவதற்குள் சீட்டு எழுதிவிடுகிறாரே!" நியாயமான கேள்வி. டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று 67 நாடுகளின் கணக்குகளைத் திரட்டி 2017-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஸ்வீடனில் சராசரி 22½ நிமிஷம். நம் பக்கத்து நாடான பங்களாதேஷில் 48 விநாடி! நம் ஊரிலும் ஸ்வீடன் மாதிரி நடப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் போனைத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை டாக்டர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிமிர்ந்து பார்க்காத டாக்டருக்கும் திருப்பிக் கேட்காத போனுக்கும் அதிக வித்தியாசமில்லை. பீஸ் ஒன்றுதான் வித்தியாசம்.

அதற்கு நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. அவர் கேட்காத கேள்விக்கும் பதிலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் மேஜை மேல் வைத்துவிடுங்கள். என்ன தொந்தரவு, என்றைக்கு ஆரம்பித்தது, எப்போது அதிகமாகிறது, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, சாப்பிடுகிற மாத்திரைகள் இவ்வளவையும் எழுதலாம். மாத்திரை என்றால் கஷாயம், லேகியம், முடிக்கு வாங்கியது, இளைப்பதற்கு ஆன்லைனில் வரவழைத்த பொடி எல்லாம் அடக்கம். அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டே போய்விடலாம். போனில் படித்ததையும் மறைக்க வேண்டாம். "இதைப் படித்தேன், எனக்குப் பொருந்துமா?" என்று கேளுங்கள். முகம் சுளிக்கிற டாக்டரானால் அடுத்த முறை வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

போன் வழியாகவே நிஜ டாக்டரைப் பார்ப்பது வேறு விஷயம். அதற்கு 2020 மார்ச்சில் மத்திய அரசாங்கம் விதிகள் வகுத்திருக்கிறது. பேசுகிற டாக்டர் தம் பதிவு எண்ணைத் தெரிவிக்க வேண்டும். சீட்டிலும் அது இருக்க வேண்டும். நோயாளியின் வயது, பழைய வியாதிகள் எல்லாம் விசாரித்த பிறகே மருந்து எழுதலாம். மனத்துக்கு யோசனை சொல்கிறவர்களிடமும் விசாரிக்கத் தயங்காதீர்கள். மனநல டாக்டர் என்றால் வைத்தியப் படிப்புப் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் இந்தியப் புனர்வாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' என்று போர்டு மாட்டிக்கொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம். ஒரு கேமராவும் நல்ல சட்டையும் போதும்.

ராத்திரி இரண்டு மணிக்கு மனம் அலை பாய்ந்தால் எந்த டாக்டர் கிடைப்பார் என்பீர்கள். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். எதிர்முனையில் இருப்பவர் பயிற்சி பெற்றவர். நீங்கள் சொல்வதைக் கேட்டு, மேலும் விசாரித்து, அவசியமானால் மனநல டாக்டரிடம் சேர்த்துவிடுவார். எண் 14416. காஸ் சிலிண்டர் புக் செய்கிற நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வைத்துவிடுங்கள்.